நாங்கள் நின்றவரை வந்த தண்ணீர்

கல்கத்தாவில் நான் செய்த முதல் காரியம், தெருவில் திறந்து கிடந்த ஒரு குழாயை மூடப் போனது. சென்னைக்காரன் வேறு என்ன செய்வான்? சுந்தரம் வீட்டு வாசலில் டாக்சியை விட்டு இறங்கியதும் எதிர் நடைபாதையில் ஓர் இரும்புக் குழாய் மணிக்கட்டுக் கனத்துக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பெட்டியை வைத்துவிட்டுப் போனால் திருகுவதற்குப் பிடியே இல்லை. பக்கத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தவர் தலை நிறையச் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தார்.

"தாதூ, அது மூடாது," என்றார் வங்காளத்தில். தாதூ என்றால் தாத்தா. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இந்தியில் தொடர்ந்தார்: "நேரம் ஆனால் தானே நிற்கும். உங்களுக்கு என்ன அவசரம்?"

பெரிய ஆறு ஓடும் ஊருக்கு இருக்கும் மெத்தனம் அது. ஹூக்ளியின் நீரைச் சுத்திகரித்து வேளைக்கு வேளை விடுகிறார்கள். சென்னையில் நாங்கள் ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்போம். இங்கே அப்படி ஒரு கவலை யார் முகத்திலும் இல்லை. பற்றாக்குறை இருக்கிறது, ஆனால் அது தெருவுக்குத் தெரு மாறுகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருந்தேன்.

சுந்தரம் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். அவன் தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்த குடும்பம். அவன் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் தமிழ் பேசுவார்கள். கோபம் வந்தால் வங்காளம். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"மெட்ராஸ்ல ஜலமே கெடையாது. நீ எங்களுக்கு ஜலம் விட வந்திருக்கயாடா?"

"உங்க ஊர்ல இருக்கற ஜலத்தை எப்படி வீணடிக்கறேள்னு பார்க்க வந்திருக்கேன்," என்றேன், அவன் பேச்சிலேயே.

அவன் மனைவி ஜயா மோர்க்குழம்பும், இங்கே 'போத்தோல்' என்று சொல்லும் சிறு காய் ஒன்றைப் பொரியலும் செய்திருந்தாள். நான் மீன் சாப்பிடுகிறவன். அந்த வீட்டில் அந்த வார்த்தையை உச்சரிக்க முடியாது. மீன் ஊருக்கு வந்து போத்தோல் சாப்பிட்டேன்.

நான் செய்துவந்த தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தின் குழாய்களை எல்லாம் கணினிக்குள் வரைவது. எந்தக் குழாய் எவ்வளவு அகலம், எங்கே வால்வு, எந்தத் தெருவில் எவ்வளவு பேர், பம்பு எப்போது ஓடும் என்பதையெல்லாம் கொடுத்தால், எந்த முனையில் எந்த நேரம் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும். ஒரு வால்வை மூடினால் யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்பதைத் தெருவில் மூடுவதற்கு முன்பே திரையில் மூடிப் பார்க்கலாம். முப்பது வருடம் இதைச் செய்தேன், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகும் யாராவது செய்த கணினி மாதிரியைச் சரிபார்த்துத் தரக் கூப்பிடுவார்கள்.

இந்த முறை கூப்பிட்டது பெஹாலாவுக்கு. அங்கே ஒரு பகுதிக்கு நாள் முழுவதும் தண்ணீர் தர ஒரு திட்டம். அதற்காக, பக்கத்துப் பகுதியோடு இணைக்கும் ஒரு வால்வை மூட வேண்டும். மூடினால் பக்கத்துப் பகுதியின் கடைக்கோடித் தெருவுக்கு ஒரே பக்கத்திலிருந்துதான் நீர் வரும். அந்தத் தெரு தாங்குமா, காயுமா என்பதுதான் கேள்வி. மாதிரியைச் செய்தவள் சுந்தரத்தின் மகள் அபர்ணா. ஜாதவ்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அவளுடைய வேலையைச் சரிபார்க்க வந்துவிட்டு அவள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குவது சரியில்லை என்று சுந்தரத்திடம் சொன்னேன். "ஹோட்டல்ல தங்கினா நியாயமா இருப்பயா?" என்று கேட்டான்.

அபர்ணா சாப்பிடும்போதே பேச ஆரம்பித்தாள்.

"மாமா, அந்தத் தெரு காயும். நான் போட்டுப் பார்த்துட்டேன்."

"அளந்த அழுத்தம் நன்றாக இருக்கிறதே. உன் மாதிரி அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டுகிறது."

"அந்தப் பாடால," பாடா என்றால் இங்கே பேட்டை, "பாதி வீட்டுல மோட்டார் இருக்கு மாமா. குழாய்ல நேரா மாட்டி இழுக்கறா. நாங்க அழுத்தம் அளக்கற கேஜ் எடுத்துண்டு போனா தெருமுனைலயே யாரோ பார்த்துடறா. எல்லாரும் பட்பட்னு ஆஃப் பண்ணிடறா. ஃபைன் போடுவான்னு பயம். அப்ப அளந்தா நன்னாத்தானே இருக்கும்? அதனால நான் மோட்டாரையும் மாதிரிக்குள்ள சேர்த்துட்டேன்."

"எத்தனை மோட்டார் என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது. உத்தேசம்."

"அளக்காததை எப்படிம்மா உள்ளே வைப்பது?" என்றேன். ஜயா எனக்கு இன்னும் கொஞ்சம் மோர்க்குழம்பு விட்டாள்.

மறுநாள் அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் கூட்டம். உயரமான கூரை, மெதுவான மின்விசிறிகள். சிறிய கோப்பையில் தேநீர், காலிபிளவர் வைத்த சிங்காரா என்கிற சமோசா, ஆளுக்கு ஒரு சந்தேஷ் இனிப்பு. சென்னையில் இதே கூட்டத்துக்கு இரண்டு பிஸ்கட் வரும். தலைமைப் பொறியாளர் தத்தா பாபு ஐம்பதைக் கடந்தவர், மென்மையாகப் பேசுகிறவர். சந்தேஷ் தீரும்வரை யாரும் குழாயைப் பற்றிப் பேசக் கூடாது என்பதைச் சட்டம்போல வைத்திருந்தார்.

அபர்ணா திரையில் காட்டினாள். வால்வை மூடியதும் கடைக்கோடித் தெரு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பானது. தத்தா பாபு பார்த்தார். "ஆனால் நாங்கள் அளந்தபோது அழுத்தம் நன்றாக இருந்ததே," என்றார். மோட்டார் கதையை அவள் திரும்பச் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

"சார், உங்கள் ஊரில் எப்படி?" என்று தத்தா பாபு என் பக்கம் திரும்பினார். "வீடுகளில் இப்படி மோட்டார் வைத்து இழுக்கும் பழக்கம் உண்டா?"

அபர்ணாவும் என்னைப் பார்த்தாள்.

"எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம்," என்றேன். "அதை வைத்து ஒரு மாதிரியைத் திருத்த முடியாது. அளந்த எண் ஒன்று இருக்கும்போது அதைத்தான் நம்ப வேண்டும். இது கணக்கு இல்லை, ஊகம்."

முடிந்தது. மோட்டார்களை எடுத்துவிட்டு மாதிரியை ஓட்டச் சொன்னார்கள். திரையில் தெரு பச்சையாகவே நின்றது. அளந்த எண்ணோடு அழகாகப் பொருந்தியது. அடுத்த நாள் காலையே வால்வை மூடிச் சோதனை என்று முடிவானது. என் பெயரும் கையெழுத்தும் போட்டுத் திட்டம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

நண்பன் மகளுக்குச் சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாது என்பதால்தான் கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டேன் என்று திரும்பும் வழியில் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். காரணம் வேறு. மயிலாப்பூரில் நான் இருக்கும் அடுக்கு வீட்டில் அப்படி ஒரு மோட்டார் இருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே, மரப்பலகை அடித்து மறைத்த இடத்தில். வாங்கியபோது குடியிருப்போர் சங்கத்தில் நான்தான் செயலாளர். எவ்வளவு குதிரைசக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டதும் நான்தான். குடிநீர் வாரியத்து ஆள் தெருவுக்குள் வந்தால் காவலாளி பலகையைத் தட்டுவான், நாங்கள் அணைப்போம். அபர்ணா சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்தது. தத்தா பாபு கேட்டபோது "உண்டு, பரவலாக உண்டு" என்று சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். தண்ணீர்ப் பகிர்வைப் பற்றி முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் அந்த அறையில் அதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை. அவ்வளவுதான்.

சோதனை நாளில் அபர்ணா விடியும் முன்பே அதிகாரிகளோடு காரில் போய்விட்டாள். நான் தனியாக வந்துகொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இங்கே ஆட்டோக்கள் பேருந்து மாதிரி, ஒரே தடத்தில் போய்வரும், பேரம் கிடையாது. எனக்கு ஓட்டுநருக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. ஒரு கால் உள்ளே, மற்றக் கால் கல்கத்தாவில். நான் "பெஹாலா" என்றேன், அவர் தலையாட்டினார். பெஹாலா இவ்வளவு பெரிய ஊர் என்று எனக்குத் தெரியாது. இறங்க வேண்டிய இடம் போய் வெகுநேரம் கழித்துப் பின்னால் இருந்த அம்மாள் கேட்டாள், நான் எங்கே போக வேண்டும் என்று. சொன்னேன். அவள் ஓட்டுநரிடம் வங்காளத்தில் ஏதோ சொல்ல, ஆட்டோ முழுவதும் சிரித்தது. பிறகு எனக்காக இந்தியில் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் போனால் கடல் வந்துவிடும் என்றேன்."

திரும்பி வந்து சேர்ந்தபோது சோதனை பாதி நடந்துகொண்டிருந்தது. குறுகலான தெரு. இரண்டு மாடி வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் துணிக்கொடி. தெருவின் கடைசியில் ஒரு தெருக்குழாய். அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சோற்றுக் கடை. குழாயில் கேஜ் மாட்டியிருந்தார்கள். வால்வை மூடியாகிவிட்டது, முள் அசையவில்லை. தத்தா பாபு சிரித்துக்கொண்டே எனக்குக் கை கொடுத்தார். "உங்கள் எண் அப்படியே வந்திருக்கிறது சார்."

கேஜைக் கழற்றியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சோற்றுக் கடைக்காரி, எல்லாரும் மாலா மாஷி, அதாவது மாலா சித்தி, என்று கூப்பிட்டார்கள், அண்டா, வாளி, பெயின்ட் டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து நிரப்பினாள். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயவில்லை. தத்தா பாபுவைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதிகாரிகள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அபர்ணா எனக்கு மொழிபெயர்த்தாள், சிரிக்காமல்.

"'பாபு, தெனமும் இப்படி வந்து இங்க நில்லுங்கோ. மீனும் சோறும் நான் போடறேன்'ங்கறா."

நான் அவள் சொன்னதில் மீனை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் காரில் ஏறியபோது, கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அபர்ணாவுக்கு ஏன் என்று புரிந்தது. "ஆத்துல சொல்ல மாட்டேன் மாமா," என்றாள். அன்று அவள் என்னிடம் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

கடையில் இரண்டு பெஞ்சுகள். முதல் பந்தி வேலைக்குப் போகிறவர்களுக்கு, காலையிலேயே சோறு. ருயி மீன் துண்டு ஒன்று, கடுகு அரைத்த மஞ்சள் குழம்பில். நம் ஊரில் புளி செய்யும் வேலையை இங்கே கடுகு செய்கிறது, மூக்கு வழியாக. இரண்டாவது கவளம் எடுக்கும்போது எங்கோ ஒரு 'ம்ம்' கேட்டது. பிறகு எதிர் வீட்டிலிருந்து. பிறகு அதற்கடுத்த வீட்டிலிருந்து. எந்த வகை மோட்டார் எந்தச் சுருதியில் பாடும் என்பது எனக்குத் தெரியும்; என் படிக்கட்டுக்குக் கீழே இருப்பதும் அதே சுருதி. அதிகாரிகளின் கார் பெரிய தெருவுக்குப் போயிருக்கக்கூட நேரமில்லை.

குழாயைப் பார்த்தேன். கயிறு கனத்துக்கு இருந்த தண்ணீர் நூல் ஆனது. நூல் சொட்டு ஆனது. மாஷி வாளியை ஒரு தட்டுத் தட்டினாள். "ஹோயே கேலோ," என்றாள். ஆகிவிட்டது என்று அர்த்தம், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு என்னிடம் இந்தியில் கேட்டாள், கோபம் ஒன்றும் இல்லாமல்: "முன்னால் இவர்கள் மோட்டார் போட்டாலும் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் வரும். இன்று அதுவும் இல்லை. நீங்கள்தான் பெரிய பாபுவா? மெட்ராஸிலிருந்து வந்தவர்?"

கையைக் கழுவ எழுந்தேன். கழுவத் தண்ணீர் இல்லை. குழாயின் வாயில் இடது உள்ளங்கையை வைத்தேன். அது என் கையை உள்ளே இழுத்தது. லேசாகத்தான், எடுத்தபோது தோலில் ஒரு வட்டம் பதிந்திருந்தது.

பழைய கணினி மாதிரிகளில் சில சமயம் கடைக்கோடி முனையில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். மாணவர்கள் பயந்துபோய்க் கேட்பார்கள். அப்படி ஒன்று தெருவில் இருக்காது, கணினி உளறுகிறது என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். இருக்காது என்று சொன்ன அதுதான் இன்று என் உள்ளங்கையைப் பிடித்திருந்தது.

அங்கிருந்து நேராக அலிப்பூருக்குப் போனேன். தத்தா பாபுவின் அறையில் அபர்ணா அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன், நீங்கள் கிளம்பியதும் மோட்டார்கள் ஓடின, கடைசிக் குழாய் காற்றை இழுக்கிறது, அபர்ணா சொன்னதுதான் சரி, வால்வைத் திறந்துவிடுங்கள் என்று.

"நேற்று நீங்கள் வேறு மாதிரி சொன்னீர்களே சார்," என்றார் தத்தா பாபு. குரலில் குத்தல் இல்லை.

"நேற்றே எனக்குத் தெரியும். சென்னையில் என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அதை வெளியே சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் சொல்லவில்லை."

அறை அதிரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. தத்தா பாபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீட்டிலும் இருக்கிறது," என்றார்.

ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார், "என் மாமனார் வீட்டில் இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று." மற்றவர் சிரித்தார்.

"தெரியாதவர்கள் யார்?" என்றார் தத்தா பாபு. "ஆனால் மோட்டார் இருக்கிறது என்று நான் எழுதினால், ஏன் பறிமுதல் செய்யவில்லை என்று கேட்பார்கள். அதனால் யாரும் எழுதவில்லை. நீங்கள் வெளியூர்க்காரர். நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நேற்று உங்களைக் கேட்டேன்."



"இப்போது எழுதித் தருகிறேன்," என்றேன்.

"தாருங்கள். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முதல் கடிதம் காலையிலேயே மேலே போய்விட்டது. சோதனையும் வெற்றி. திறப்பு விழாப் பந்தலுக்கு அங்கே மூங்கில் இறக்கிவிட்டார்கள். இனி மறுபரிசீலனைக் கூட்டத்தில்தான் வைக்க முடியும்."

"எப்போது?"

"பூஜைக்குப் பிறகு."

அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது. துர்கா பூஜை ஐப்பசியை ஒட்டி வரும். இடையில் முழுக் கோடையும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், என் வீட்டு மோட்டாரையும் சேர்த்து. தத்தா பாபு அதைப் படித்து, கோப்பில் வைத்து, எனக்கு ஒரு தேநீர் சொன்னார்.

வெளியே வந்ததும் அபர்ணா டாக்சியைக் கைகாட்டினாள். மஞ்சள் டாக்சி, ஒரு பாலத்தின் ஏற்றத்தில் இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்து, இன்ஜினைத் திட்டினார்.

"அப்பா சொல்லுவார், காலேஜ்ல நீங்க ஒரு வாத்தியாரையும் விடாம கேள்வி கேப்பேள்னு," என்றாள். "நேத்து அவர் உங்களைக் கேட்டப்போ நான் நிம்மதியா இருந்தேன் மாமா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"தெரிந்திருந்தது."

"ஆமா. இப்பத்தான் சொன்னேள்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாஷிக்கு நான் என்ன சொல்றது, அத மட்டும் சொல்லுங்கோ."

ஓட்டுநர் மூடியை அறைந்து சாத்தினார், வண்டி கிளம்பிவிட்டது.

சென்னைக்கு வந்து சங்கத்துக் கூட்டத்தில் மோட்டாரை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். "எதிர் பில்டிங்க்ல எடுக்கட்டும் சார், அடுத்த நிமிஷம் நாம எடுக்கறோம்," என்றார் இப்போதைய செயலாளர். வாக்கெடுப்பில் என் கை மட்டும் உயர்ந்தது. மோட்டார் ஓடுகிறது. அதில் வரும் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.

ஆனி மாதத்தில் அபர்ணாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கேஜைத் துணிப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் மாஷியின் கடைக்குள்ளிருந்தே பல காலைகள் அளந்திருக்கிறாள். மாஷி இப்போது அடுத்த பேட்டையிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறாளாம். காலைப் பந்தி இல்லை, மதியம் மட்டும்தான் கடை. வேலைக்குப் போகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அளந்ததை வைத்து மோட்டார்களோடு மாதிரியை மறுபடி ஓட்டிப் படமும் அனுப்பியிருந்தாள். கீழே, தமிழை ஆங்கில எழுத்தில்: "இப்ப ரெண்டும் பொருந்தறது மாமா."

திரையும் தெருவும் ஒரே எண்ணைக் காட்டும் நாள்தான் நம் தொழிலில் நல்ல நாள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிக் குழாய்க்கு நேராக இரண்டு எண்கள் இருந்தன, கணினி சொன்னது ஒன்று, அவள் அளந்தது ஒன்று. இரண்டும் பூஜ்யம்.